சட்டி யாருடையது, ஈடு எத்தனையாவது: ஆற்று மட்டக் கணக்கு எப்படி இயங்குகிறது?

காவிரி கர்நாடகத்தை விட்டுத் தமிழ்நாட்டுக்குள் வரும் எல்லையில் இருக்கிறது பிலிகுண்டுலு. மத்திய நீர்வள ஆணையத்தின் அளவீட்டு நிலையம் அங்கேதான். 2007 பிப்ரவரியில் காவிரி நடுவர் மன்றம் இறுதித் தீர்ப்பு சொன்னபோது, சராசரி ஆண்டில் தமிழ்நாட்டுக்கு வந்து சேர வேண்டிய 192 டிஎம்சியை இந்த இடத்தில்தான் அளக்கச் சொன்னது. 2018 பிப்ரவரி 16 அன்று உச்ச நீதிமன்றம் அதை 177.25 டிஎம்சியாகக் குறைத்தபோதும் அளக்கும் இடம் மாறவில்லை. அங்கிருந்து ஆற்றோடு கீழே வந்தால் ஒகேனக்கல்.

ஒகேனக்கல்லில் காலையில் எல்லோரும் கேட்பது ஒரே கேள்வி: இன்றைக்கு வரத்து எவ்வளவு? கபினியிலும் கிருஷ்ணராஜ சாகரிலும் திறந்துவிட்டால் ஐந்தருவி ஒன்றாகிவிடும், பாறைகள் மறைந்துவிடும், குளிக்கவும் பரிசல் ஓட்டவும் மாவட்ட நிர்வாகம் தடை போடும். 2018, 2019 ஆகஸ்ட் வெள்ளங்களில் வரத்து விநாடிக்கு 2 லட்சம் கனஅடியைத் தாண்டியது. பரிசல்காரருக்கும், எண்ணெய் தேய்த்து விடுபவருக்கும், மீன் சமைத்துத் தரும் பெண்களுக்கும் அன்றைய வருமானம் அந்த ஓர் எண்ணில் இருக்கிறது. அந்த எண் எப்படிச் சமைக்கப்படுகிறது, சமையலில் எங்கே கெட்டுப்போகும் என்பதைத்தான் இங்கே பார்க்கப் போகிறோம்.

ஆற்று மட்டத்தை அளக்கும் தானியங்கிக் கருவி தருவது வரிசையாக வந்துகொண்டே இருக்கும் எண்கள். அலை அடித்தால் எண் கூடும், அலை வடிந்தால் குறையும். மிதந்து வரும் மரக்கட்டை ஒன்று உணரிக்கு நேர் கீழே வந்தால், ஆறே எகிறிக் குதித்ததுபோல ஓர் எண் விழும். இந்த மட்டத்தை வைத்துத்தான் கனஅடியைக் கணக்கிடுகிறார்கள். அந்தக் கணக்கு நேர்கோடு அல்ல; மட்டத்தில் விழும் சின்னப் பிழை கனஅடியில் பெரிதாக வந்து நிற்கும். ஆகவே முதலில் எண்களின் நடுக்கத்தை அடக்க வேண்டும். சமிக்ஞைச் செயலாக்கத்தில் இதற்கு மிக எளிய வழி ஒன்று உண்டு. புதிதாக வந்த அளவை முழுசாக நம்பாதே. பழைய மதிப்பிலிருந்து அதை நோக்கி ஐந்தில் ஒரு பங்கு மட்டும் நகர். பழைய மதிப்பு 4.00 மீட்டர், புதிய அளவு 4.05 என்றால் விடை 4.01. அடுத்த அளவு வரும்போது இந்த 4.01 பழைய மதிப்பாகிவிடும். அவ்வளவுதான் சூத்திரம்.

கல்லூரி மாணவர் எவரும் பைத்தான் மொழியில் பத்து நிமிடத்தில் எழுதிவிடக்கூடிய ஃபங்ஷன் இது. எழுதிய உடனே சரியாக ஓடாது என்பதும் ஏறக்குறைய நிச்சயம். பைத்தான் மூன்றாம் பதிப்பு 2008-இல் வந்ததிலிருந்து மாறிகளுக்குத் தமிழிலேயே பெயர் வைக்கலாம். கட்டளைச் சொற்கள் மட்டும் ஆங்கிலத்தில் இருக்கும். படிக்க வசதியாக அவற்றையும் இங்கே தமிழாக்கியிருக்கிறேன். எண்களெல்லாம் விளக்கத்துக்காக நான் வைத்தவை.

    எடை = 0.2
    முந்தையது = 4.0

    ஃபங்ஷன் சீராக்கு(அளவுகள்):
        விடை = []
        ஒவ்வொரு அளவு, அளவுகள் உள்ளே:
            முந்தையது = முந்தையது + எடை * (அளவு - முந்தையது)
        விடை.சேர்(முந்தையது)
        திருப்பு விடை

பார்த்தால் குறை தெரியாது. இரண்டு குறைகள் இருக்கின்றன. ஒன்று எந்த வரி எவ்வளவு உள்ளே தள்ளி நிற்கிறது என்பதில், மற்றது எந்தப் பெயர் யாருடையது என்பதில்.

இதைப் புரிந்துகொள்ள ஒகேனக்கல் ஆற்றங்கரை அடுப்படியைவிட நல்ல இடம் இல்லை. நீங்கள் மீன் வாங்கிக்கொண்டு போய்க் கொடுத்தால், கழுவி, கீறி, மசாலா தடவி, குழம்போ வறுவலோ செய்து கொடுப்பார்கள். ஞாயிற்றுக்கிழமையில் ஒரே நேரத்தில் பல குடும்பங்களின் மீன் வரும். கட்லா ஒருவருடையது, ரோகு இன்னொருவருடையது. இருந்தும் கலந்துபோவதில்லை. எது எல்லோருக்கும் பொது, எது இந்தக் குடும்பத்துக்கு மட்டும், எதை ஒவ்வொரு துண்டுக்கும் செய்ய வேண்டும், எதைக் கடைசியில் ஒரே ஒரு முறை செய்ய வேண்டும் என்பது சமைக்கும் அம்மாவின் கையில் இருக்கிறது. கணினிக்குக் கை இல்லை. நாம் எழுதித்தான் சொல்ல வேண்டும்.

முதலில் தள்ளி நிற்கும் விஷயம். மீன் வறுக்கும் பக்குவத்தைப் பழகாத ஒருவருக்கு இப்படிச் சொல்வோம்: ஒவ்வொரு துண்டையும் மசாலாவில் புரட்டு, எண்ணெயில் போடு, சிவந்ததும் தட்டில் எடுத்து வை, எல்லாம் முடிந்ததும் தட்டைக் கொண்டுபோய்க் கொடு. கேட்பவருக்குக் குழப்பமே வராது. தட்டில் எடுப்பது துண்டுக்குத் துண்டு செய்வது, தட்டைக் கொடுப்பது ஒரு முறை செய்வது என்று குரலின் ஏற்ற இறக்கமே சொல்லிவிடும். பைத்தான் குரலைக் கேட்பதில்லை, ஓரத்தைப் பார்க்கிறது. 'ஒவ்வொரு' என்ற வரிக்குக் கீழே உள்ளே தள்ளி நிற்பவை துண்டுக்குத் துண்டு நடக்கும். ஓரத்துக்கு வந்துவிட்டவை சுற்று முடிந்தபின் ஒரு முறை நடக்கும்.

மேலே உள்ள ஃபங்ஷனில் 'விடை.சேர்' வெளியே வந்துவிட்டது. அதாவது, எல்லாத் துண்டுகளையும் வறுத்துவிட்டுக் கடைசித் துண்டை மட்டும் தட்டில் வைக்கிறோம். இரண்டாவது குறையை இப்போதைக்கு ஒதுக்கிவைத்தால், ஐந்து அளவுகள் உள்ளே போனால் ஒரே ஒரு எண் வெளியே வரும். அதை உள்ளே தள்ள வேண்டும். பதற்றத்தில் 'திருப்பு' வரியையும் சேர்த்து உள்ளே தள்ளிவிடுகிறவர்கள் நிறைய. அப்போது நடப்பது எதிர்ப்பக்கம்: முதல் துண்டு சிவந்ததுமே தட்டைக் கொடுத்துவிட்டு அடுப்பை விட்டு எழுந்துவிடுகிறோம். மீதி நான்கு துண்டுகள் மசாலாவோடு அப்படியே கிடக்கின்றன. விடை இப்போதும் ஒரே எண்தான், ஆனால் கடைசி எண்ணுக்குப் பதில் முதல் எண். உள்தள்ளலைப் பற்றி இரண்டிலும் பைத்தான் ஒரு வார்த்தை புகார் சொல்லாது. இரண்டுமே அதற்குச் செல்லுபடியாகும் கட்டளைகள்.

புகார் சொல்லும் பிழைகளும் உண்டு, அவை நல்லவை. 'ஒவ்வொரு' வரிக்குக் கீழே எதுவுமே தள்ளி நிற்காவிட்டால் இன்டென்டேஷன் எரர் என்று சொல்லி ஓடவே மறுக்கும். ஒரு வரியில் ஸ்பேஸ், அடுத்த வரியில் டேப் என்று கலந்து வைத்து, ஆழம் இன்னதென்று தீர்மானிக்க முடியாமல் போனால் டேப் எரர். கண்ணுக்கு இரண்டும் ஒரே நேரில் நிற்பதுபோலத் தெரியும், கணினிக்கு வேறு வேறு. எடிட்டரில் கண்ணுக்குத் தெரியாத இடைவெளிகளைப் புள்ளிகளாகக் காட்டும் வசதி இருக்கிறது. அதைப் போட்டுப் பார்த்தால் உடனே பிடிபடும். பிடிஎஃப் பாடக்குறிப்பிலிருந்து நகலெடுத்து ஒட்டும்போது ஓர இடைவெளிகள் காணாமல் போவதுதான் நம் மாணவர்களுக்கு இந்தப் பிழை வரும் முக்கிய வழி. ஒட்டிய நிரலின் ஓரத்தை ஒருமுறை கையால் அமைத்துவிடுவது நல்லது: ஓர் ஆழத்துக்கு நான்கு ஸ்பேஸ், அதுதான் பைத்தான்காரர்களின் வழக்கம்.

ஓரத்தை வைத்துப் பொருள் சொல்லும் யோசனையை 1966-இலேயே பீட்டர் லாண்டின் தன் கட்டுரையில் எழுதிவிட்டார். ஏபிசி என்ற மொழி வழியாக அது 1991-இல் கீடோ வான் ராஸம் வெளியிட்ட பைத்தானுக்கு வந்தது. முத்து அண்ணாமலை உருவாக்கிய எழில் என்ற தமிழ் நிரல் மொழி இந்த வழியில் போகவில்லை. எழில் பைத்தானில் எழுதப்பட்டதுதான். ஆனாலும் அதில் ஒவ்வொரு பகுதியையும் 'முடி' என்ற சொல் மூடுகிறது. வரி எங்கே நின்றாலும் பொருள் மாறாது. முதன்முதலாக நிரல் எழுதும் பிள்ளைகளுக்கு அது பெரிய நிம்மதி என்று நினைக்கிறேன்.

உள்தள்ளலைச் சரிசெய்தாகிவிட்டது. ஓட்டினால் இப்போதும் ஓடாது. அன்பவுண்ட் லோக்கல் எரர் என்று வந்து நிற்கும்: 'முந்தையது' என்ற மாறிக்கு இன்னும் மதிப்பு வைக்கவில்லையாம். மேலே 4.0 என்று வைத்தோமே என்று மாணவர் திகைப்பார். அதைவிட வியப்பு, பக்கத்திலேயே வைத்த 'எடை' மட்டும் பிரச்சினையில்லாமல் வேலை செய்கிறது.

அடுப்படிக்கு வருவோம். நடுவில் பொது மசாலா டப்பா இருக்கிறது. யார் வேண்டுமானாலும் அதிலிருந்து எடுத்துக்கொள்ளலாம். 'எடை' அப்படிப்பட்டது: ஃபங்ஷன் அதை எடுத்துப் பார்க்கிறது, மாற்றுவதில்லை. 'முந்தையது' அப்படியல்ல. ஃபங்ஷனுக்குள் எந்த இடத்திலாவது ஒரு பெயருக்கு நேராகச் சமக்குறி போட்டு மதிப்பு வைத்தால், அந்தப் பெயர் அந்த ஃபங்ஷன் முழுவதுக்கும் சொந்தச் சட்டி என்று பைத்தான் முன்கூட்டியே முடிவு செய்துவிடும். ஓடத் தொடங்கும் முன்பே இந்த முடிவு நடந்துவிடுகிறது. எனவே இந்த அம்மா தன் பக்கத்தில் 'முந்தையது' என்று பெயர் எழுதிய காலிச் சட்டி ஒன்றை வைத்துக்கொண்டு, அதில் எதுவும் ஊற்றும் முன்பே கரண்டியை விடுகிறார். நடுவில் அதே பெயரில் ஒரு சட்டி நிரம்பி நிற்பது அவர் கண்ணில் படாது.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். உள்தள்ளல் வேறு, ஒரு பெயர் செல்லுபடியாகும் எல்லை வேறு. சி மொழியிலிருந்தோ ஜாவாவிலிருந்தோ வருகிறவர்கள், உள்ளே தள்ளிய ஒவ்வொரு பகுதியும் தனி எல்லை என்று நினைத்துக்கொள்கிறார்கள். பைத்தானில் சுற்றுக்குத் தனி எல்லை கிடையாது. சுற்று முடிந்தபிறகும் 'அளவு' என்ற பெயர் கடைசி அளவைப் பிடித்துக்கொண்டே இருக்கும். ஃபங்ஷன்தான் சுவர், சுற்று என்பது அந்தச் சுவருக்குள் திரும்பத் திரும்பச் செய்யும் வேலை. உள்தள்ளல் ஒரு வரி எத்தனை முறை நடக்கும் என்று சொல்கிறது. எல்லை ஒரு மதிப்பு எவ்வளவு நேரம், யாரிடம் உயிரோடிருக்கும் என்று சொல்கிறது. சீராக்கும் ஃபங்ஷனில் ஒவ்வொரு வரியிடமும் இந்த இரண்டு கேள்விகளைத் தனித்தனியாகக் கேட்டால் பிழை மறைய இடமிருக்காது.

அன்பவுண்ட் லோக்கல் எரர் வந்ததும் பலர் செய்வது, ஃபங்ஷனின் தலையில் 'குளோபல் முந்தையது' என்று ஒரு வரி சேர்ப்பது. பிழைச் செய்தி போய்விடும். எனக்கு இந்தத் தீர்வில் கொஞ்சமும் உடன்பாடு இல்லை, ஏனென்றால் சத்தம் போட்ட பிழையை அது ஊமையாக்கிவிடுகிறது. இரண்டு இடங்களில் மட்டம் அளக்கிறோம் என்று வைத்துக்கொள்வோம், ஒன்றில் 4.00 மீட்டர், மற்றொன்றில் 9.00 மீட்டர். இரண்டு இடத்து எண்களையும் மாறி மாறி இதே ஃபங்ஷனுக்குக் கொடுக்கிறோம். முதல் இடத்துக்கு விடை 4.00. அடுத்து இரண்டாம் இடத்து 9.00 வருகிறது, பழைய மதிப்பு 4.00 என்றிருப்பதால் விடை 5.00. மறுபடி முதல் இடத்தின் 4.00 வரும்போது பழைய மதிப்பு 5.00, விடை 4.80. ஆறு ஒரு சென்டிமீட்டர் அசையவில்லை. கணக்கில் 80 சென்டிமீட்டர் ஏறிவிட்டது. கட்லாக்காரர் குழம்பும் ரோகுக்காரர் குழம்பும் ஒரே சட்டியில் கொதித்த கதை. வரைபடத்தில் போட்டுப் பார்த்தால் வளைகோடு வழுவழுப்பாக அழகாகவே இருக்கும். சீராக்கும் வேலையின் ஆபத்து இதுதான்: தவறான விடையையும் அது நம்பும்படி இழைத்துக் கொடுத்துவிடும்.

சிலர் எதிர்த்திசையில் போகிறார்கள். 'முந்தையது = 0' என்ற வரியை ஃபங்ஷனுக்குள்ளேயே கொண்டுவந்து வைத்துவிடுகிறார்கள். சட்டி சொந்தமாகிவிட்டது, கலப்படம் இல்லை. ஆனால் அளவுகள் ஒரே மூச்சில் வருவதில்லை. மணிக்கு ஒரு தொகுதியாக வரும் என்று வையுங்கள். ஒவ்வொரு தொகுதிக்கும் ஃபங்ஷன் பூஜ்யத்திலிருந்து தொடங்கும். ஆறு அசையாமல் 4.00 மீட்டரில் நின்றாலும் முதல் விடை 0.80, அடுத்தது 1.44, பத்தாவது அளவுக்குப் பிறகும் 3.57-க்குத்தான் வந்திருக்கும். மணிக்கொரு முறை காவிரி வற்றி மீண்டும் நிரம்புவதாக வரைபடம் சொல்லும்.

வறுவல் போடுகிறவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். முதல் ஈடு ஒரு மாதிரி, அடுத்த ஈடு வேறு மாதிரி. எண்ணெய் காய்ந்திருக்கிறதா என்பது முந்தைய ஈடு விட்டுப்போன சூட்டைப் பொறுத்தது. ஒவ்வொரு ஈட்டுக்கும் எண்ணெயைக் கொட்டிவிட்டுப் புது எண்ணெய் ஊற்றிக் காய வைக்காமலே துண்டைப் போட்டால், ஒவ்வொரு ஈட்டிலும் முதல் சில துண்டுகள் எண்ணெய் குடித்துச் சொதசொதவென்று போகும். சீராக்கும் ஃபங்ஷனில் 'முந்தையது' என்பது அந்தச் சூடு. அது ஈட்டுக்கு ஈடு தொடர வேண்டும். அதே நேரம் ஒரு குடும்பத்தின் சட்டிச் சூடு அடுத்த குடும்பத்தின் சட்டிக்குப் போகக் கூடாது. குளோபல் தொடர்ச்சியைத் தருகிறது, தனிமையைக் கெடுக்கிறது. உள்ளே பூஜ்யம் வைப்பது தனிமையைத் தருகிறது, தொடர்ச்சியைக் கெடுக்கிறது. இரண்டும் வேண்டுமென்றால் சட்டியைக் கையில் கொடுத்து, ஈடு முடிந்ததும் கையில் திரும்ப வாங்கிக்கொள்ள வேண்டும்.

    ஃபங்ஷன் சீராக்கு(அளவுகள், முந்தையது, எடை):
        விடை = []
        ஒவ்வொரு அளவு, அளவுகள் உள்ளே:
            முந்தையது = முந்தையது + எடை * (அளவு - முந்தையது)
            விடை.சேர்(முந்தையது)
        திருப்பு விடை, முந்தையது

அடைப்புக்குள் வந்த பெயர்கள் எல்லாம் ஃபங்ஷனின் சொந்தச் சட்டிகள், ஆனால் காலியாக வரவில்லை. அழைப்பவர் ஒவ்வொரு இடத்துக்கும் தனித்தனியாக முந்தைய மதிப்பை வைத்துக்கொள்கிறார். கொடுக்கிறார், புதியதை வாங்கிக்கொள்கிறார். முதன்முதல் தொகுதிக்கு மட்டும் முந்தையது என்று எதுவும் இருக்காது; அப்போது பூஜ்யத்தைக் கொடுக்காமல் முதல் அளவையே கொடுத்துத் தொடங்கலாம். அறிவியல் கணக்குக்குப் பெயர்போன சைபை நூலகத்தின் எல்ஃபில்டர் இதே வழியில்தான் அமைந்திருக்கிறது. தொடக்க நிலையைக் கொடுத்தால் இறுதி நிலையையும் விடையோடு சேர்த்துத் திருப்பித் தரும். கொடுக்காவிட்டால் எல்லாம் பூஜ்யத்தில் ஓய்ந்திருந்ததாக எடுத்துக்கொள்ளும். தொகுதி தொகுதியாக வரும் தரவில் அந்தத் தொடக்க நிலையைக் கொடுக்க மறந்தால், நாம் மேலே பார்த்த மணிக்கொரு வறட்சி அங்கேயும் வரும்.

சரிபார்ப்பது எப்படி? மூன்று சோதனைகள் போதும், மூன்றாவதுதான் எனக்குப் பிடித்தது. எத்தனை அளவுகள் உள்ளே போயினவோ அத்தனை விடைகள் வெளியே வர வேண்டும். உள்தள்ளல் பிழைகள் இரண்டும் இதிலேயே மாட்டிக்கொள்ளும். முந்தையது 4.00, உள்ளே போவதும் எல்லாம் 4.00 என்றால் வெளியே வருவதும் எல்லாம் 4.00 ஆக இருக்க வேண்டும். பிறகு நூறு அளவுகளை எடுத்து ஒரே மூச்சில் ஓட்டுங்கள். அதே நூறை முப்பதும் எழுபதுமாகப் பிரித்து, நடுவே வேறோர் இடத்துத் தொகுதியையும் நுழைத்து மறுபடி ஓட்டுங்கள். நூறு விடைகளும் அப்படியே அச்சு அசலாக ஒத்துப்போக வேண்டும். எல்லைப் பிழை எந்த உருவில் இருந்தாலும், தொடர்ச்சி அறுந்தாலும் சட்டி கலந்தாலும், இந்தச் சோதனை காட்டிக்கொடுக்கும்.

மிதந்து வந்த மரக்கட்டை இன்னும் மிச்சமிருக்கிறது. முந்தையது 4.00 என்றிருக்க, அளவுகள் 4.00, 4.05, 3.95, 6.50, 4.00 என்று வருகின்றன, 6.50 கட்டையின் வேலை. நம் ஃபங்ஷன் அந்த இடத்தில் 4.50 என்று சொல்லும், கட்டை போனபிறகும் 4.40-இல் நிற்கும். ஐந்தில் ஒரு பங்குதான் நம்பினோம் என்றாலும் அரை மீட்டர் பொய் உள்ளே வந்துவிட்டது. இதற்கு முன்னாலேயே வேறொரு வடிகட்டி வேண்டும்: அடுத்தடுத்த மூன்று அளவுகளை எடுத்து, பெரிதும் வேண்டாம், சிறிதும் வேண்டாம், நடுவில் வருவதை எடுத்துக்கொள். 3.95, 6.50, 4.00 என்ற மூன்றில் நடு எண் 4.00. கட்டை காணாமல் போய்விடும். அமெரிக்கப் புள்ளியியலாளர் ஜான் டூக்கி 1977-இல் வெளியான தன் நூலில் இந்த ஓடும் நடுவெண் முறைக்குப் பெரிய இடம் கொடுத்தார்.

இதை எழுதும்போது இன்னொரு எல்லைப் பிழை காத்திருக்கிறது. கடைசி மூன்று அளவுகளை வைத்துக்கொள்ள ஒரு பட்டியல் வேண்டும். அழைப்பவர் பட்டியல் கொடுக்காவிட்டால் காலிப் பட்டியல் என்று எடுத்துக்கொள்ளும்படி, ஃபங்ஷனின் தலைவரியிலேயே 'ஜன்னல் = []' என்று எழுதிவிடுகிறோம். ஒவ்வொரு முறையும் புதுப் பட்டியல் வரும் என்று நம்பி. பைத்தான் அந்தக் காலிப் பட்டியலை ஃபங்ஷன் வரையறுக்கப்படும் நேரத்தில் ஒரே ஒரு முறைதான் உருவாக்குகிறது. பாத்திரம் கொண்டுவராமல் வந்தவர்களுக்கெல்லாம் அடுப்படியில் கொடுப்பது ஒரே பாத்திரம், அதையும் கழுவாமல். முதலில் வந்தவர் விட்டுப்போன இரண்டு அளவுகளோடு அடுத்தவரின் அளவு சேர்ந்துகொள்ளும், 4.00, 4.05 ஆகியவற்றோடு 9.00 சேர்ந்தால் நடு எண் 4.05. ஒன்பது மீட்டர் மட்டம் இருக்கும் இடத்தில் நான்கு மீட்டர் என்று விடை வரும். திருத்தம் சிறியதுதான்: தலைவரியில் 'ஒன்றுமில்லை' என்று வைத்துவிட்டு, ஒன்றுமில்லை என்றால் ஃபங்ஷனுக்கு உள்ளே புதுப் பட்டியல் உருவாக்கு. புதுப் பட்டியல் உருவாக்கும் வரி உள்ளே தள்ளி நிற்க வேண்டிய இடம் 'என்றால்' வரிக்குக் கீழே. ஓர் ஆழம் வெளியே வந்துவிட்டால் 'என்றால்' வரிக்குக் கீழே எதுவும் தள்ளி நிற்காது, பைத்தான் இன்டென்டேஷன் எரர் சொல்லி ஓடவே மறுக்கும்.